ரூஜ்ஜெரோ செத்திமோ வீதி, இலக்கம் 30



கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு தாயும் மகளும் எனது மேசைக்கு முன்னால் வந்து இருந்தார்கள். வழக்கமான அலுவல்தான். பல்கலைக்கழகக் கட்டணத்தைக் குறைப்பதற்கும், 'எர்சு' உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதற்கும், குடும்ப வருமானத்தைக் காட்டுகிற 'ஈசே' பத்திரம் வேண்டும். தகப்பன் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை. தாய் இரண்டு வீடுகளில் வயோதிபரைப் பார்க்கிறார். இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. பல வருடங்களாக இதைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். புதிதாக இருந்தது பிள்ளை சொன்ன பாடம்தான். மூன்று வருடக் கணிதப் பட்டத்தை இங்கேயே முடித்துவிட்டாள். இனி இரண்டு வருட மேற்படிப்பு. அதில் பிரயோக கணிதமும், கணினியைக் கொண்டு பெரிய கணிப்புகளைச் செய்கிற முறைகளும் படிக்க ஆசையாம்.

தாய்க்கு அது பிடிக்கவில்லை. "அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ. லண்டனிலை என்ரை அண்ணா இருக்கிறார். இவள் இஞ்சை நிண்டு என்னத்தைப் படிக்கப்போறாள்? பலெர்மோவிலை கணக்குப் படிச்சதெண்டு ஆருக்குச் சொல்லுறது?" என்றார்.

பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, அம்மா கேக்கிறதும் சரிதானே? இந்த ஊருக்கும் கணக்குக்கும் என்ன?" என்றாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் வர்த்தகம் படித்தவன். வரவு செலவு தெரியும், வட்டி தெரியும், அவ்வளவுதான். "அடுத்த நிகழ்ச்சியில் சொல்கிறேன்" என்று சமாளித்து அனுப்பினேன். பிறகு தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததைத்தான் இந்த மாத உரையாகத் தருகிறேன்.

எங்களில் அநேகம் பேருக்கு இந்த ஊரில் பல்லாரோ சந்தை தெரியும், கொஸ்தூரா அலுவலகம் தெரியும், சாந்தா ரொசாலியாவின் மலையில் எத்தனை திருப்பம் என்றுகூடத் தெரியும். ரூஜ்ஜெரோ செத்திமோ வீதியும் தெரியும். மாசிமோ அரங்கிலிருந்து பொலித்தேயாமா அரங்கு வரை கடைகளைப் பார்த்துக்கொண்டு நடக்கிற அதே வீதி. அந்த வீதியில் 30ஆம் இலக்கத்தில் ஒரு சங்கம் இருந்தது. ஒரு காலத்தில் பாரிசிலும் கெட்டிங்கனிலும் இருந்த பெரிய கணித அறிஞர்கள் தங்கள் கடிதங்களில் எழுதிய முகவரி அது.

சங்கத்தின் பெயர் சீர்கோலோ மத்தேமாத்திகோ. பலெர்மோ கணித வட்டம் என்று சொல்லலாம். 1884ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி தொடங்கியது. தொடங்கும்போது உறுப்பினர் 27 பேர். தொடங்கியவர் ஜொவான்னி பத்திஸ்தா குச்சா. 1855இல் இந்த ஊரில் பிறந்த பிரபு குடும்பத்துப் பிள்ளை. 'சிறுத்தை' என்று பெயர் பெற்ற சிசிலிய நாவலில் தொலைநோக்கியால் வானம் பார்க்கிற இளவரசர் வருகிறாரே, அந்தப் பாத்திரத்துக்கு மாதிரியாக இருந்த லம்பெதூசா இளவரசர் ஜூலியோ பப்ரீசியோ தொமாசி குச்சாவுக்கு மாமன் முறை. குச்சா ரோம் நகரில் கிரெமோனா என்ற பெரிய கேத்திரகணித ஆசிரியரிடம் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பினார். திரும்பி வந்து பார்த்தபோது இத்தாலி ஒன்றாகி இருபது வருடங்கள்கூட முழுதாக ஆகவில்லை. சிசிலி ஓரத்தில் கிடந்தது. புதிய கணிதச் சஞ்சிகைகள் இங்கு வந்து சேர்வதே பெரிய பாடு. அதற்கு அவர் கண்ட வழி தன் காசைப் போட்டுச் சங்கம் வைப்பது, சங்கத்துக்கு நூலகம் வைப்பது, பிறகு தாங்களே ஒரு சஞ்சிகை போடுவது.

சஞ்சிகையின் பெயர் 'ரெண்டிகொந்தி'. இந்தப் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டிகொந்தோ என்றால் கணக்கு ஒப்படைப்பது. நாங்கள் குடியிருக்கிற அடுக்குமாடியின் நிர்வாகி வருடத்துக்கு ஒரு தடவை 'இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவு' என்று ஒட்டுகிற தாளுக்கும் அதே பெயர்தான். அறிஞர் சபைகள் தங்கள் நடவடிக்கைகளை வெளியிடும்போது அந்தச் சொல்லைப் பாவிப்பது வழக்கம். ஆனால் ஒரு கணக்காளனுக்கு அது வேறு மாதிரித்தான் கேட்கிறது.

1888இல் குச்சா சங்கத்தின் விதிகளை மாற்றினார். வெளியூர்க்காரரும் வெளிநாட்டுக்காரரும் உறுப்பினராகலாம், நிர்வாகக் குழுவிலும் இடம்பெறலாம் என்று வைத்தார். அந்தக் காலத்தில் இது சாதாரண விசயம் அல்ல. சங்கங்கள் பெரும்பாலும் அந்தந்த நாட்டவருடையவையாக இருந்த காலம். பிறகு சொந்தமாகக் கணித அச்சகமும் வைத்தார். கணிதம் அச்சடிப்பது கஷ்டமான வேலை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் தனித்தனி அச்செழுத்து, மேலே ஒன்று, கீழே ஒன்று. அச்சகம் தன் கைக்குள் இருந்ததால் கட்டுரைகளை மற்றவர்களைவிட விரைவாக வெளியிட முடிந்தது. எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? நல்ல கட்டுரைகள் பலெர்மோவுக்கு வரத் தொடங்கின.

1914இல் சங்கம் வெளியிட்ட உறுப்பினர் விபரப்படி மொத்தம் 924 பேர். அதில் 618 பேர் வெளிநாட்டவர். மூன்றில் இரண்டு பங்கு! சந்தாக்காரரைச் சேர்க்கிற வேலை எவ்வளவு கஷ்டம் என்று எமது வானொலியின் பொருளாளரைக் கேட்டுப் பாருங்கள்.

குச்சாவும் நல்ல கேத்திரகணிதக்காரர், பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆனால் சஞ்சிகை வளர வளர அவருடைய சொந்த ஆராய்ச்சி சுருங்கியது. எனக்கு இதில்தான் அவர்மீது மதிப்பு வருகிறது. மற்றவர்களின் கணக்கை ஒழுங்காக எழுதி வைப்பதும் ஒரு வேலைதான் என்று ஒப்புக்கொள்ள ஒரு பிரபுவுக்கு மனம் வந்திருக்கிறதே.

அந்தச் சஞ்சிகையில் வந்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றும் பிரான்சின் ஆன்றி புவான்கரே எழுதியவை.

முதலாவது 1904இல் வந்தது. அதன் கடைசியில் உருவங்களைப் பற்றி ஒரு கேள்வியை எழுப்பி, பதில் சொல்லாமல் விட்டுவிட்டார். புவான்கரே ஊகம் என்று உலகம் முழுக்கப் பெயர்பெற்ற கேள்வி அதுதான். நூறு வருடம் எவராலும் முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளே நிறுவனம் அதற்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது. ரஷ்யாவின் கிரிகோரி பெரெல்மான் 2002, 2003ஆம் ஆண்டுகளில் விடையை வெளியிட்டார். 2010இல் பரிசைக் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பத்து இலட்சம் டொலர்க் கேள்வி முதன்முதலில் அச்சேறியது இந்த ஊரில்.

இரண்டாவது 1906இல் வந்த, எலெக்ட்ரனின் இயக்கம் பற்றிய நீண்ட கட்டுரை. ஐன்ஸ்டைன் 1905இல் சார்பியல் கொள்கையை வெளியிட்ட அதே காலத்தில், அவரைப் பாராமல் தனியாக, புவான்கரே ஏறக்குறைய அதே கணிதத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதற்கு அந்தக் கட்டுரை சாட்சி.

மூன்றாவதைப் பற்றி வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். சூரியன், பூமி, சந்திரன் மாதிரி மூன்று பொருட்கள் ஒன்றையொன்று இழுக்கும்போது அவை எப்படி ஓடும் என்பது மிகப் பழைய பிரச்சினை. அதற்கு உதவுகிற ஒரு தேற்றத்தைப் புவான்கரே கண்டுபிடித்தார். பல சந்தர்ப்பங்களில் சரிபார்த்தார், எல்லாம் சரி. ஆனால் முழு நிறுவல் கிடைக்கவில்லை. 1911 டிசம்பரில் குச்சாவுக்குக் கடிதம் எழுதினார். முடிக்காத வேலையைப் போடுவது முறையல்ல, ஆனால் என் வயதில் இனி இதை முடிப்பேனோ தெரியவில்லை, போடலாமா என்பது கடிதத்தின் சாரம். அப்போது அவருக்கு வயது 57தான். குச்சா போடலாம் என்றார். 1912இல் வெளிவந்தது. அந்த வருடம் ஜூலை 17ஆம் திகதி புவான்கரே காலமானார். சில மாதங்களில் அமெரிக்காவில் பேர்க்கொஃப் என்ற இளைஞர் அதை நிறுவிக் காட்டினார். முடிக்காத கணக்கை எங்கே ஒப்படைப்பது என்று யோசித்தபோது அந்தப் பெரிய மனிதருக்கு இந்த முகவரிதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

இனி எங்கள் பக்கம் வருகிறேன். இந்த வட்டத்தில் சேர்ந்தவர்களில் கல்கத்தாக்காரர் ஒருவரும் உண்டு. அசுதோஷ் முகர்ஜி. 1864இல் பிறந்தவர். கணிதத்தில் கெட்டிக்காரர், இளைஞராக இருந்தபோதே கணிதக் கட்டுரைகள் எழுதியவர். ஆனால் அன்றைய இந்தியாவில் ஒரு சுதேசிக்குக் கணித ஆராய்ச்சி செய்து பிழைக்க இடமில்லை. சட்டம் படித்தார், 1904இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியானார். இலண்டன், பாரிஸ் சங்கங்களில் சேர்ந்தது போலவே பலெர்மோ வட்டத்திலும் சேர்ந்தார். உறுப்பினராக இங்கு வரவேண்டிய தேவையில்லை, தபால் போதும். குச்சா விதியை மாற்றியதன் பலன் இதுதான்.

1906இல் அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1908இல் கல்கத்தா கணிதச் சங்கத்தைத் தொடங்கினார். அதுவரை பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதே பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் வேலை. பட்டத்துக்கு மேல் படிப்பதற்கும் ஆராய்வதற்கும் ஒரு விஞ்ஞானக் கல்லூரி வேண்டும் என்று அவர் நின்றார். அரசாங்கம் கையை விரித்தது. தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் தங்கள் சொத்தைக் கொடுத்தார்கள். 1914இல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கோஷின் பணத்தில் வைத்த கதிரைகளில் ஒன்று பிரயோக கணிதத்துக்கானது. முதல் பேராசிரியர் கணேஷ் பிரசாத். 1915இல் கலப்புக் கணிதம் என்று அப்போது சொல்லப்பட்ட அந்தப் பாடத்தின் முதுகலைப் பரீட்சையில் முதலாவதாக வந்தவர் சத்தியேந்திரநாத் போஸ், இரண்டாவது மேகநாத் சாகா. இருவரும் அங்கேயே பிரயோக கணித விரிவுரையாளர்களாகத்தான் தொடங்கினார்கள். பலெர்மோவைப் பார்த்துத்தான் கல்கத்தா செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சங்கம், ஒரு சஞ்சிகை, கொடுக்க மனமுள்ள இரண்டு பேர் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த நீதிபதி தபாலில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

அதே கல்லூரியில் பாலித்தின் பணத்தில் வைத்த பௌதிகக் கதிரைக்கு அசுதோஷ் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? ஒரு கணக்கு அதிகாரியை! திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், இந்திய நிதித் துறைப் பரீட்சையில் தேறி, 1907இல் தனது 18ஆவது வயதில் கல்கத்தாவில் உதவிக் கணக்கதிகாரியாகச் சேர்ந்தவர். பகலில் அரசாங்கக் கணக்கு. காலையிலும் மாலையிலும் பௌபஜார் வீதியிலிருந்த ஆய்வுகூடம். 1917இல் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராக வந்தார். 1930இல் நோபல் பரிசு. ராமானுஜனும் 1912இல் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு எழுதுவினைஞராக இருந்தவர்தான். எங்கள் தொழிலைப் பற்றி யாராவது இளக்காரமாகக் கதைத்தால் இந்த இரண்டு பெயரையும் எடுத்து விடுவது என் வழக்கம்.

பிள்ளை கேட்ட பாடத்துக்கு இன்னும் கிட்டப் போகிறேன். கணினியால் கணிக்கிற கணிதத்துக்கு இத்தாலியில் தகப்பன் என்று சொல்லக்கூடியவர் மவுரோ பிக்கோனே. 1885 மே 2ஆம் திகதி பலெர்மோவில் பிறந்தவர். தகப்பன் லெர்காரா பகுதிக் கந்தகச் சுரங்கங்களில் பொறியியலாளர். கந்தகத் தொழில் நொடித்துப் போக, பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் தீவை விட்டு வடக்கே போய்விட்டது. வேலை தேடி ஊரை விட்டுப் போகிற கதையை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அவர் பீசாவில் படித்துத் தூய கணிதக்காரராக வந்தார். முதலாம் உலகப் போரில் 1916இல் பீரங்கிப் படைக்கு அழைக்கப்பட்டார். இருந்த சூட்டு அட்டவணைகள் எல்லாம் சமதரைக்கு எழுதியவை. சண்டையோ ஆல்ப்ஸ் மலையில். மேலே இருக்கிற இலக்குக்குச் சுட்டால் குண்டு எங்கே விழும் என்று அட்டவணை சொல்லாது. தவறினால் முன்னால் நிற்கிற சொந்தப் படையின் தலையிலேயே விழும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற குண்டின் பாதைக்குச் சமன்பாடு எழுதலாம், ஆனால் அதற்கு நேரான சூத்திர விடை கிடையாது. சின்னச் சின்ன நேர அடிகளாக வெட்டி, ஒவ்வோர் அடியிலும் வேகத்தையும் உயரத்தையும் எண்ணால் கணித்துக்கொண்டு போகவேண்டும். பிக்கோனே அதைச் செய்து புதிய அட்டவணைகளைக் கொடுத்தார். கணிதம் பற்றிய அவருடைய நோக்கையே அந்த வேலை மாற்றிவிட்டது.

இதை எங்கள் கணக்கில் சொல்கிறேன், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 1000 யூரோ கடன் தருகிறார். வருடக் கடைசியில் 400 வீதம் மூன்று வருடம் திருப்பிக் கட்டவேண்டும். வட்டி எத்தனை வீதம்? மொத்தம் 1200, மேலதிகம் 200, மூன்றால் வகுத்தால் 67, ஆகவே ஏழு வீதத்துக்கும் குறைவு என்று கடன் தருகிறவர் சொல்வார். நம்பாதீர்கள். ஒவ்வொரு வருடமும் முதலில் ஒரு பகுதி திரும்பிவிடுகிறதே! சரியான வீதத்தை நேரடியாகக் கணிக்கச் சுலபமான சூத்திரம் இல்லை. ஆகவே ஒரு வீதத்தை ஊகிக்கவேண்டும். 10 வீதம் என்று வைத்தால் அந்த மூன்று தவணைகளின் இன்றைய பெறுமதி 994.74 வருகிறது, 1000க்குக் கொஞ்சம் குறைவு. 9 வீதம் என்றால் 1012.52, கூடிவிட்டது. இரண்டுக்கும் இடையில் விகிதப்படி பார்த்தால் 9.7 வீதம். ஊகி, சரிபார், திருத்து, திரும்பச் செய். எண்ணியல் பகுப்பாய்வு என்ற பெரிய பெயரின் பின்னால் இருப்பது இந்த வேலைதான். இதோடு ஒரு கேள்வியும் உண்டு: எங்கே நிறுத்துவது, நிறுத்திய இடத்தில் பிழை எவ்வளவுக்கு மேல் போகாது? பிழைக்கு எல்லை காட்டாத விடை விடையல்ல என்பதில் பிக்கோனே கண்டிப்பானவர்.

1927இல் நாப்போலியில், நாப்போலி வங்கியின் பண உதவியோடு, கணிப்பு வேலைக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். பொறியியலாளரும் விமானம் கட்டுகிறவர்களும் பிரச்சினையைக் கொண்டுவருவார்கள், இவர்கள் எண்ணில் விடை கொடுப்பார்கள். அப்போது கணிப்பவர்கள் மனிதர்கள், கையில் மேசைக் கணக்கு இயந்திரம். 1932இல் நிறுவனம் ரோமுக்குப் போய்த் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் பகுதியானது. அந்தக் காலத்துப் பாசிச அரசோடு பிக்கோனே நெருக்கமாக இருந்தார், அதை மறைக்கத் தேவையில்லை. நிறுவனம் அவ்வளவு சீக்கிரம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். போருக்குப் பிறகு மனிதக் கையால் இனி முடியாது என்று கண்டு, இங்கிலாந்தின் பெரந்தி நிறுவனத்தின் மின்னணுக் கணினியை வாங்கினார். 'பினாக்' என்று பெயர் வைத்த அந்த இயந்திரம் 1955இல் ரோமில் வேலை தொடங்கியது. இத்தாலிக்கு வந்த முதல் கணினிகளில் அதுவும் ஒன்று. பிக்கோனேக்கு அப்போது 70 வயது. 1977இல் காலமானார். ரோமில் உள்ள அந்த நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி இயங்குகிறது.

குச்சாவின் வட்டம் என்ன ஆனது? 1914 ஓகஸ்டில் போர் தொடங்கியது. அந்த 924 பெயர்களில் பிரெஞ்சுக்காரரும் ஜேர்மன்காரரும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். இப்போது ஒருவருக்கொருவர் எதிரி. அக்டோபர் 29ஆம் திகதி குச்சா காலமானார். அதன் பிறகு சங்கம் பழைய நிலைக்கு வரவேயில்லை. சங்கத்தைத் தன் பணத்திலும் தன் ஒருவரின் உழைப்பிலும் நடத்தியது அதன் பலம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். கணக்காளன் கண்ணுக்கு அது பலவீனமாகவும் தெரிகிறது. ஆனாலும் மூடிவிடவில்லை. வட்டத்தின் முகவரி இப்போது ஆர்க்கிராபி வீதி 34, பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை. தாவரவியல் பூங்காவுக்குக் கிட்ட. ரெண்டிகொந்தியும் வெளிவந்துகொண்டிருக்கிறது. எங்கள் பிள்ளை மூன்று வருடமாக ஏறி இறங்குவதும் அதே துறையில்தான். மேலே சொன்னதில் ஒன்றும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எலெக்ட்ரன் கட்டுரை என்று சொன்னேனே, அந்தக் கதையில் இலங்கைத் தமிழர் ஒருவரும் வருகிறார். பேராசிரியர் சி. ஜே. எலியேசர், 1918இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவர். எதிரேற்றம் கொண்ட ஒரு மையத்தை நோக்கி நேர்கோட்டில் ஓடுகிற எலெக்ட்ரன் அதில் போய் விழவேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். டிராக்கின் சமன்பாட்டின்படி அது விழாது, திரும்பிவிடும் என்று 1943இல் அவர் காட்டினார். பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் பேராசிரியராக இருந்து, 1968இல் மெல்பேர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பிரயோக கணிதம் கற்பித்தார். 2001இல் அங்கேயே காலமானார். ஊர் விட்டு ஊர் போன பிழைப்பு அவருக்கும்தான்.

இந்த உரை ஒலிபரப்பான மறுநாள் அந்தத் தாய் தொலைபேசியில் கூப்பிட்டார். புவான்கரே பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணை, அந்த 9.7 வீதக் கணக்கை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார். அவர் வாங்கியிருக்கும் ஒரு கடனைப் பற்றிச் சந்தேகம் வந்திருக்கிறது. "மகளிட்டைக் கேளுங்கோ, என்னைவிட வடிவாச் சொல்லுவாள்" என்றேன். ஈசே பத்திரம் தயாராகிவிட்டது. இருவரும் சனிக்கிழமை வருகிறார்கள். 2021இலிருந்து ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் இங்கிலாந்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் என்பதால், லண்டன் அண்ணாவிடம் அங்குள்ள கட்டண விபரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.